'ஒற்றை மூலம்': ஒரு சொல்லும் அதன் சுவடும்

ஹதீஸ் கலையின் தொடக்க வகுப்பில் மாணவருக்கு முதலில் பயிற்றுவிப்பது 'முதவாத்திர்', 'கபருல் வாஹித்' என்னும் பாகுபாடு. கூடிப் பேசிப் பொய்யுரைக்க இயலாத அளவுக்குப் பலர் வழியாக வந்த செய்தி முன்னது. அந்த அளவை எட்டாதது பின்னது. பின்னதை ஏற்குமுன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் வாய்மையும் நினைவாற்றலும் எடைபோடப்படும். 2020 ஏப்ரலில் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறையின் அன்றாட அறிவிப்புகளில் 'சிங்கிள் சோர்ஸ்' என்னும் தொடரைக் கேட்டபோது நமக்கு இப்பாடமே நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே எடைபோடப்பட்டது செய்தியன்று. தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் அவ்வாண்டு மார்ச்சில் கூடித் திரும்பிய தப்லீக் ஜமாஅத்தினரைச் சுட்டிய சொல் அது. முதலில் 'தில்லி மாநாடு' என்றனர். மனக்குறை எழுந்தபின் சொல் மாறிற்று, சுட்டு மாறவில்லை.

திரும்பியோரில் பலருக்குத் தொற்று இருந்தது உண்மை. தொற்றின் வழியைத் தேடுவது மருத்துவத் துறையின் கடமை. மர்கஸ் பொறுப்பாளர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்போருடன் வழக்காடவும் நாம் வரவில்லை. நம் குறை வேறு. அதை விளங்கிக்கொள்ள நம் கடலூர் மாவட்டமே போதும். 2020 மே மாதம் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களால் இம்மாவட்டத்தில் தொற்று மளமளவென்று ஏறிற்று. அவர்களும் துன்புற்றனர், சில ஊர்களில் அஞ்சி ஒதுக்கப்பட்டனர். எனினும் நாளேடுகள் சந்தையின் பெயரைச் சொன்னதோடு நின்றன. எவரும் அவர்களின் சமயத்தைத் தேடவில்லை. அவர்கள் சதி செய்தார்கள் என்று எழுதவுமில்லை. செய்தி எழுத வேண்டிய முறை அதுவே. ஏப்ரலில் அது ஏன் கைகூடவில்லை என்பதே நம் கேள்வி.

அச்சு ஏடுகள் சொல்லத் தயங்கியதைக் கைப்பேசிகள் சொல்லி முடித்தன. உணவு வீணாகாதபடி போரா சமூகத்தார் தட்டை வழித்து நக்கும் பழைய காணொளி ஒன்று, நோய் பரப்பும் காட்சியாக வலம் வந்தது. ஒரு பருக்கையையும் வீணாக்காத ஸுன்னத் குற்றமாக ஆனது! மும்பையில் விசாரணைக் கைதியொருவர் காவலர்மீது உமிழ்ந்த காட்சியும் அவ்வாறே 'ஜமாஅத்தார்' என்று பெயர் பெற்றது. இரண்டிலும் படம் பொய்யன்று. அடியிலிருந்த வரிதான் பொய்.

மறுப்புகள் வரத்தான் செய்தன, நடைவண்டியில். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை நீக்கியது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்றும், அச்சு, மின்னணு ஊடகங்களில் பெரும் பரப்புரை நடந்தது என்றும் குறிப்பிட்டது. டிசம்பரில் தில்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டினரை விடுவித்தது. இந்தியர் 70 பேர் மீதான குற்றப்பத்திரிகைகளைத் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியபோது 2025 ஜூலை ஆகிவிட்டது. முதற் பக்கத்தில் தொடங்கிய செய்தி எந்தப் பக்கத்தில் முடிந்தது என்பதை வாசகர்கள் தத்தம் ஏட்டில் தேடிப் பார்க்கலாம்.

இனி நம் பக்கம். அதே நாட்களில், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் குடியுரிமைப் பதிவேட்டுக்காகவே கணக்கெடுக்கிறார்கள் என்ற வதந்தியை நம்மவர் கைகளும் அனுப்பின. ரமளானின் வருகையை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் தடுக்கப்படும் என்னும் இட்டுக்கட்டப்பட்ட 'ஹதீஸ்' ஆண்டுதோறும் நம் கைப்பேசிக்கு வருகிறது. அனுப்புவோரில் ஆலிம்களும் உண்டு. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. கேட்டதையெல்லாம் சொல்பவனுக்கு அப்பொய்யே போதும் என்னும் கருத்துள்ள எச்சரிக்கையை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்தார்கள். பலமுறை கைமாறிய செய்தியை ஒருவேளையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. இஸ்னாதின் வாரிசுகளுக்கு ஒரு வணிக நிறுவனம் கடிவாளமிட நேர்ந்தது.

அண்மையில் நம் மாணவர்களிடம், கைப்பேசிக்கு வந்த செய்தியொன்றின் ஸனதை எழுதி வரும்படி சொன்னோம். பெரும்பாலோர் 'மாமா அனுப்பினார்கள்' என்பதோடு நிறுத்தினர். ஒருவர் மட்டும் அனுப்பியவரைக் கேட்டு, அவருக்கு அனுப்பியவரையும் கேட்டு, மூன்றாம் கண்ணி வரை சென்றிருந்தார். அதற்கு மேல் 'மஜ்ஹூல்' என்று எழுதிக் கோடிட்டிருந்தார்.