பழைய கிரயப் பத்திரம்

முன்னோர் யார் என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் பெயர் சொல்வார்கள். எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய, பீரோவில் மடங்கிக் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

அதில் உயிரான இடம் சொத்து விவரம். நான்கெல்லையைப் படிக்கப் படிக்க ஊரே எழுந்து வருகிறது: கிழக்கே இன்னார் மகன் இன்னாரின் நஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே ஊரணிக் கரை, தெற்கே கோயில் மானியம். கிணற்றில் நாலில் ஒரு பாகம், கமலை இறைக்கும் முறை, வரப்பில் நிற்கும் பனை, புளி வரை எழுதி வைத்திருப்பார்கள். அண்டை நிலத்துக்காரர் யார், தண்ணீர் யாரோடு பங்கு என்பதெல்லாம் எந்தச் சரித்திரப் புத்தகத்தில் கிடைக்கும்?

தஞ்சைப் பக்கம் பரப்பு குழியிலும் மாவிலும் இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் சர்வே எண்ணோடு ஒப்பிடுவது நல்லது. விலை ரூபாய், அணா, பை கணக்கில்.

விற்ற காரணமும் பல பத்திரங்களில் உண்டு: மகள் கல்யாணம், முன்கடன், குடும்பச் செலவு. மைனர் மகனுக்குக் கார்டியனாகத் தாய் வைத்த கைநாட்டைப் பார்க்கும்போது, அந்த வீட்டுக்கு நேர்ந்தது என்னவென்று மனம் பதறுகிறது.

மூலம் தொலைந்திருந்தால், பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போட்டுப் பாருங்கள்.