விதியும் விலக்கும் இல்லாதவை: தமிழ் லூதரன் மரபும் சாதியும்

1741இல் தரங்கம்பாடி லூதரன் மிஷனுக்கு இன்னொரு தமிழ்க் குரு தேவைப்பட்டார். முதல் தமிழ்க் குருவான ஆரோன் 1733இல் பட்டம் பெற்றவர், கடலூர் வேளாளர். அடுத்த இடத்துக்குப் பேசப்பட்டவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். மிஷன் அச்சிட்ட தமிழ் வேதத்தை வாசித்துவிட்டுக் கத்தோலிக்கத்திலிருந்து லூதரன் சபைக்கு வந்தவர். தஞ்சை நாட்டில் சபை வளர்ந்ததற்கு அவருடைய உழைப்பே பெரிய காரணம் என்பதைப் பாதிரிமாரே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் பறையர். அவர் கையிலிருந்து இராப்போசனம் வாங்க மேற்சாதிச் சபையார் முன்வர மாட்டார்கள் என்று மிஷன் கணக்குப் போட்டது. குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

மிஷன் வரலாறுகள் இதை ஒரு நிர்வாகச் சங்கடமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. 'காலம் அப்படி' என்ற சமாதானமும் கூடவே வரும். அந்தச் சமாதானத்தை ஏற்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்படியொரு கேள்வி வந்தால் என்ன செய்வது என்று லூதரன் மரபு அதற்கு முன்பே யோசித்திருந்ததா? யோசித்திருந்தது. கடும் சண்டை போட்டு, முடிவெடுத்து, எழுதியும் வைத்திருந்தது.

லூதர் 1546இல் இறந்தார். மறு ஆண்டே பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் புரட்டஸ்தாந்து இளவரசர்களைப் போரில் முறியடித்தார். தோற்றவர்களைப் பழைய வழிபாட்டுக்குத் திருப்ப 1548இல் ஓர் இடைக்கால ஏற்பாடு திணிக்கப்பட்டது. சக்சனி நாடு அதைச் சற்றுத் தளர்த்தி, லைப்சிக் நகரில் தனக்கென ஓர் ஏற்பாட்டை எழுதிக்கொண்டது. லூதரின் வலது கையாக இருந்த மெலாங்தன் அதற்கு உடன்பட்டார். விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் என்ற மையத்தை விடமாட்டோம். அங்கி, நோன்பு, சில சடங்குகள் ஆகியவற்றை வேதம் விதிக்கவுமில்லை, விலக்கவுமில்லை. அவற்றில் இறங்கிப் போய்ச் சபைகளைக் காப்பாற்றுவோம் என்பது அவர் நிலை. இத்தகைய காரியங்களுக்கு இறையியலார் இட்ட கிரேக்கப் பெயர் 'அடியாபோரா'.

விட்டன்பேர்க்கில் எபிரேயம் கற்பித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் ஃபிளாசியுஸ் இதை ஏற்கவில்லை. வேலையை விட்டுவிட்டு 1549இல் வெளியேறினார். பேரரசருக்குப் பணியாத மக்டபேர்க் நகரிலிருந்து துண்டுப் பிரசுரங்களை எழுதித் தள்ளினார். அங்கி வெறும் துணிதான் என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தத் துணியை அதிகாரம் கட்டாயப்படுத்தும்போது, அதை உடுத்துவதைப் பார்க்கிற எளிய விசுவாசி 'இவர்கள் நற்செய்தியை விட்டுவிட்டார்கள்' என்று நினைக்கும்போது, அது வெறும் துணியாக இருப்பதில்லை என்றார். அறிக்கையிட வேண்டிய வேளையில் 'இது பெரிய விசயமில்லை' என்று எதையும் ஒதுக்க முடியாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

முப்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1577இல் எழுதப்பட்ட 'இணக்க வாய்ப்பாடு' இந்தச் சண்டையைத் தீர்த்தது. அதன் பத்தாம் உறுப்பு ஃபிளாசியுஸ் பக்கம் நின்றது. அதே ஆவணத்தின் முதல் உறுப்போ ஜென்ம பாவம் பற்றிய ஃபிளாசியுஸின் தீவிரக் கருத்தைத் தள்ளிவிட்டது. ஆளைப் பார்க்காமல் வாதத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே அந்த ஆவணத்தின் மேல் எனக்கு மதிப்பு.

பத்தாம் உறுப்பு தன் நிலைக்குச் சான்றாக எதைக் காட்டுகிறது என்பதைத் தமிழ்நாட்டு வரலாற்றை எழுதியவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அது காட்டுவது கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூதக் கிறிஸ்தவர் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னும் கண்டித்தார். பிறப்பைப் பார்த்துப் பந்தியைப் பிரிப்பது குறித்த முன்மாதிரி வழக்கு அந்த உறுப்புக்குள்ளேயே கிடக்கிறது. லூதரன் மரபில் இந்த எழுத்து இருந்த நிலையில்தான் பாதிரிமார் தரங்கம்பாடிக்குக் கப்பலேறினார்கள்.

அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் இன்னொரு மரபும் இருந்தது. 1525இல் ஜேர்மன் விவசாயிகள் மெமிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். கிறிஸ்து எங்களையும் தம் இரத்தத்தால் மீட்டிருக்க நாங்கள் ஏன் பண்ணையடிமைகள் என்று மூன்றாவது கோரிக்கை கேட்டது. லூதர் அதற்குக் கொடுத்த பதில், ஆவிக்குரிய விடுதலையை உடலுக்குரிய விடுதலையாக்குகிறீர்கள் என்பது. பிரபுக்களின் கொடுமையை அதே நூலில் அவர் கண்டித்ததும் உண்மை. ஆயினும் நற்செய்தி ஒரு தளம், சமூக ஒழுங்கு வேறொரு தளம் என்ற பிரிவினை அங்கே வேரூன்றியது. தமிழ்நாட்டில் மிஷனரிகளுக்குக் கைகொடுத்தது இதுதான்.

1706 யூலை 9இல் வந்திறங்கிய முதல் மிஷனரி சீகன்பால்க் காலத்திலேயே தரங்கம்பாடி ஆலயத்தில் சாதிவாரியாக இருக்கை பிரிந்துவிட்டது. ஒரு நூற்றாண்டு அது பெரிய விவாதமின்றி ஓடியது. விவாதம் வெடித்தது 1820களில், தஞ்சாவூரில். புதிதாக வந்த இளம் பாதிரிமார் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்தபோது அவர்களை எதிர்த்து எழுதியவர் சாதாரண ஆள் அல்லர்: மிஷனரி சுவார்ட்சின் மாணவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், எல்லாச் சாதியையும் ஒன்றாக இராப்போசனத்துக்கு இழுக்கிறார்கள், கலியாணத்தில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் தடுக்கிறார்கள் என்பவை அவருடைய முறைப்பாடுகள்.

இந்த முறைப்பாடுகளை மொத்தமாக ஏற்பவரும் மொத்தமாகத் தள்ளுபவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். பூவும் பாட்டும் அசல் அடியாபோரா. அவற்றில் சாஸ்திரியார் சொன்னது நியாயம். ஐரோப்பியர் தம் பழக்கத்தைச் சுவிசேஷமென்று திணித்தார்கள், தமிழ்ச் சபை மறுத்தது. பத்தாம் உறுப்பின்படி பார்த்தால் அந்த மறுப்பு முழு லூதரன் மறுப்பு. ஆனால் அதே மூச்சில் பாத்திரத்தையும் பறையரோடு பகிரமாட்டேன் என்றபோது அவர் பூவையும் பந்தியையும் ஒரே தராசில் போட்டுவிட்டார். ஒன்று மணப்பெண்ணின் தலையில் இருப்பது. மற்றது சபை என்பதே என்ன என்ற கேள்வி. மகா கவிதான்; ஆயினும் இந்த இடத்தில் அவருடைய இறையியல் அவருடைய சாதியைத் தாண்டவில்லை.

1833இல் கல்கத்தா அங்கிலிக்கன் பேராயர் டானியல் வில்சன் சாதியை உடனே, முழுமையாக விட வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே போனார்கள். இப்படிப் பிரிந்தவர்களில் ஒரு பகுதியினரை, தரங்கம்பாடியைப் பொறுப்பேற்ற லைப்சிக் மிஷன் பிற்பாடு சேர்த்துக்கொண்டது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் சாதியைக் கைவிட்டதற்குச் சமபந்தியில் சாப்பிடுவதை அடையாளமாக்கியபோது லைப்சிக் ஒதுங்கி நின்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் தங்கியிருந்து இந்த நிலைக்குக் கோட்பாட்டு நியாயம் எழுதினார்.

கிரவுலை எளிதில் ஒதுக்க முடியாது. குறளை ஜேர்மனில் தந்தவர். தமிழரை அறிவில்லாதவர்கள் என்று பார்த்தவரல்லர். சாதி சமயமும் குடியொழுங்கும் கலந்தது, அதன் சமயப் பகுதியை மட்டும் சபை விலக்கினால் போதும், மற்றது நற்செய்தியின் பலத்தால் மெல்லக் கரையும் என்றார் அவர். 'யாரோடு சாப்பிட்டாய்' என்று கேட்டு விசுவாசத்தை அளப்பது நியாயப்பிரமாணத்தை நற்செய்தியின் இடத்தில் வைப்பதாகும் என்பதும் அவர் தரப்பு. இதில் உண்மை உண்டு. கட்டளைக்குப் பயந்து ஒரு நாள் ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பழைய பாயில் உட்கார்ந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் கோவில்களில் பணக்காரருக்கு வாடகை இருக்கைகள் இருந்த காலத்தில் ஆங்கிலேயர் தமிழருக்குச் சமத்துவம் போதித்ததில் நகைப்புக்கும் இடமுண்டு.

ஆனால் அந்த வாதம் தனி வீட்டுப் பந்திக்குப் பொருந்துகிற அளவு ஆலயத்தின் பலிபீடத்துக்குப் பொருந்தாது. சபை தன் மேசையை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பது எவருடைய மனச்சாட்சியையும் நெரிப்பதல்ல. அது சபையின் சொந்தக் கடமை. சுவிசேஷம் சரியாகப் பிரசங்கிக்கப்படுவதும் திருவருட்சாதனங்கள் சரியாகக் கொடுக்கப்படுவதுமே சபையின் ஒருமைக்குப் போதும் என்கிறது 1530இன் ஒக்ஸ்பேர்க் அறிக்கை. சாதனத்தைப் பிறப்பின்படி வரிசைப்படுத்தினால் அந்த ஒருமைக்கு என்ன மிஞ்சும்?

லைப்சிக் மிஷன் பிறந்த கதையே இங்கே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பிரஷ்ய அரசன் லூதரன் சபையையும் கல்வினியச் சீர்திருத்தச் சபையையும் ஒரே மேசையில் சேர்த்த ஐக்கியத்தை எதிர்த்த மரபில் வந்தது அது. இராப்போசனம் பற்றிய கோட்பாடு வேறுபட்டால் ஒரே பாத்திரம் கூடாது என்பதில் அதற்குச் சமரசமே இல்லை. ஜேர்மனியில் கல்வினியரோடு பாத்திரத்தைப் பகிர்வது மனச்சாட்சிப் பிரச்சினை. தரங்கம்பாடியில் வேளாளர் பறையரோடு பகிர மறுப்பது பொறுத்துப் போக வேண்டிய நாட்டு வழக்கம். இந்த இரண்டையும் ஒரே தலை ஏற்றது என்பதை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குச் செரிக்கவில்லை. கார்ல் ஓக்ஸ் என்ற லைப்சிக் மிஷனரிக்கும் செரிக்கவில்லை. சாதிக் கேள்வியில் மிஷனை விட்டு விலகி, 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனின் பணியைத் தொடங்கினார். எனவே 'அக்காலத்தில் யாருக்கும் தெரியாது' என்ற வாதமும் நிற்காது. உள்ளே இருந்தவருக்கே தெரிந்திருந்தது.

கத்தோலிக்கரும் கிரவுலினுடையதைப் போன்ற வாதத்தைத்தான் வைத்தார்கள். மதுரையில் ரொபேர்ட்டோ தெ நோபிலி சாதி அடையாளங்களைக் குடிவழக்கம் என்றார். 1623இல் போப்பாண்டவரின் ஒப்புதலும் கிடைத்தது. எங்கள் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் தொடக்க நாட்களில் மாணவர் மிஷன் வளவுக்குள் சாப்பிட மறுக்க, வளவுக்கு வெளியே சமையலறை வைக்கப்பட்டது. ஆக, பிழை லூதரன்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் இதைத் தடுக்கும் எழுத்து மற்றவர்களை விடத் தெளிவாக அவர்கள் கையில் இருந்தது. குற்றம் அதனால் கூடுகிறது.

அந்த எழுத்து செத்துப்போன எழுத்தும் அல்ல. 1933இல் யூத வம்சக் குருமாரைச் சபையிலிருந்து நீக்கும் ஆரிய விதி வந்தபோது ஜேர்மன் லூதரன் இறையியலாளர் போன்ஹோபர் இது அறிக்கையிட வேண்டிய வேளை என்று எழுதியது பத்தாம் உறுப்பின் பாசையில். 1977இல் தாருஸ்ஸலாமில் கூடிய லூதரன் உலக சம்மேளனம் தென்னாபிரிக்க இன ஒதுக்கலைக் கண்டித்ததும் அதே பாசையில். இரண்டிலும் கேள்வி ஒன்று: பிறப்பு ஒருவரைச் சபையின் பீடத்திலிருந்தோ மேசையிலிருந்தோ விலக்கலாமா? 1741இல் தரங்கம்பாடி இதே கேள்விக்கு 'இப்போதைக்கு விலக்கலாம்' என்றது.

இலங்கைக்கு லூதரன் சபை மிகத் தாமதமாக வந்தது. டச்சுக் கம்பனியின் காலத்தில் சீர்திருத்தச் சபையே அரசின் சபை; கொட்டாஞ்சேனை மேட்டில் 1757 முதல் நிற்கும் வுல்ஃபெண்டால் ஆலயம் அவர்களுடையது. 1920களின் பிற்பகுதியில்தான் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்காக அமெரிக்காவின் மிசூரி லூதரன் மிஷன் இங்கே பணி தொடங்கியது. அந்த மிஷனின் இந்தியக் கிளையே ஒரு கோட்பாட்டுச் சண்டையின் பிள்ளை: வேதத்தின் ஏவுதல் குறித்து லைப்சிக்கோடு முரண்பட்டு விலகிய நேத்தர், மோன் ஆகியோர் 1895இல் தொடங்கியது. வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் பிழையற்றதா என்பதற்காகப் பாதிரிமார் வேலையை இழக்கத் தயாராயிருந்தார்கள். ராஜநாயக்கனுக்காக 1741இல் எவரும் வேலையை விட்டதாகப் பதிவில்லை.

நுகேகொடையிலிருந்து எழுதும் எனக்கு இது பழங்கதையாகத் தோன்றவில்லை. வெள்ளவத்தையிலும் இங்கும் ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிற வீடுகளில் பிரிக்கப்படும் பத்திரிகையின் மணமகள் தேவைப் பகுதியில் சாதியும் கிறிஸ்தவமும் ஒரே வரியில் இன்னும் அச்சாகின்றன. கேட்டால் வரும் பதில் கிரவுலின் பதில்தான்: அது குடும்ப விசயம், விசுவாசத்தோடு சேர்க்காதீர்கள்.

தமிழ் லூதரன் மரபு அச்சகத்தையும் பள்ளிகளையும் தமிழ் வேதத்தையும் தந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் சாதிக் கேள்வியில் அது தோற்றது; வெளியாரின் அளவுகோலால் அல்ல, தன் மரபின் அறிக்கையாலேயே தோற்றது. மெலாங்தனின் சமரசத்தை ஜேர்மனியில் தள்ளிய மரபு, தஞ்சாவூரில் அதையே வாழ்ந்து காட்டியது. திடப்படுத்தல் வகுப்புகளிலும் இறையியல் கல்லூரிகளிலும் பத்தாம் உறுப்பைப் படிப்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஃபிளாசியுஸின் கதையைச் சொல்லும் அதே மணித்தியாலத்தில் ராஜநாயக்கனின் கதையையும் சொல்லுங்கள்.