பாம்புக்கொக்கியும் ஆவாரம்பட்டையும்

தோல் வேலையின் தரம் விளிம்பில் தெரியும். முகப்பை யாரும் மெருகேற்றி மினுக்கிவிடலாம். வெட்டிய ஓரத்தைத் தேய்த்து, மெழுகிட்டு, இழை பிரியாமல் மூடுவதற்குத்தான் பொறுமை வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென் மாநிலப் படைகளுக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய இடைவார்களையும் தோட்டாப் பைகளையும் நான் இவ்வளவு விரும்புவதற்கு அந்த ஓரங்களே காரணம்.

இடைவாரின் பித்தளைக் கொக்கி ஒரு பாம்பு. நெளிந்த உடல் இரு பக்க வளையங்களிலும் மாட்டிக்கொள்ளும். பூட்டும் இடத்தில் தோலைத் துளைக்காததால் அங்கே வார் கிழிவதில்லை. எல்லோரும் வியப்பது இந்தப் பாம்பைத்தான். எனக்கோ தோட்டாப் பையின் தையல்தான் பெரிது. மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக இழுப்பார்கள். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் விடாது. தோட்டா அன்று காகிதச் சுருள், நனைந்தால் பாழ். அதனால்தான் பையின் மூடி அத்தனை தாழ இறங்கி மழையை மறிக்கிறது.

இவற்றில் பலவற்றின் மேல் லண்டன் ஜெர்மின் தெருவின் ஐசக், கேம்பல் கம்பனி முத்திரை இருக்கும். தென்னவர்களுக்காகச் சாமான் வாங்க 1861இல் வந்த கேலப் ஹியூஸ் இவர்களிடம் ஏராளமாக வாங்கினார். கம்பனியை நடத்திய சாமுவேல் ஐசக் தென்னவர்களின் கடன் பத்திரங்களைக் கையில் வைத்திருந்தார். 1865இல் அவர்கள் தோற்றதும் கம்பனியும் நொடித்தது. பிறகு அவர் லிவர்பூலின் மெர்சி ஆற்றடியில் ரயில் சுரங்கம் அமைக்க முன்னின்று, அது திறந்த 1886இலேயே இறந்தார்.

இனி தோல் பதனிடும் விதம். இங்கிலாந்தில் கனத்த தோலை ஓக் மரப்பட்டைக் குழிகளில் மாதக்கணக்காக ஊறப் போட்டார்கள். அவசரப்பட்டால் நடுவில் பச்சை நிற்கும், வளைத்தால் வெடிக்கும். நம் பக்கத்து வழி வேறு. இலங்கையின் மன்னார் மாவட்டத்துப் பாப்பாமோட்டைப் பக்கத்து வறண்ட நிலத்திலும் முளைக்கும் ஆவாரையின் பட்டைதான் தமிழ்நாட்டில் நெடுங்காலம் பதனிடும் சரக்காக இருந்தது. மெல்லிய தோலுக்குச் சில வாரங்கள் போதும். ஆனால் ஆவாரை மட்டும் ஏறிய தோல் வெளிச்சத்தில் சிவந்துபோகும். கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் போட்டால் தோலின் வெளிர்மஞ்சள் நிறம் மாறாமல் நிற்கும். பிறகு எண்ணெய். இந்த வரிசையைக் கண்டுபிடித்த கைகளுக்குப் பெயர் எதுவும் பதிவாகவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் சப்பாத்து மேல்தோலுக்கு மதராஸிலிருந்து போனது இப்படிப் பதனிட்ட மாட்டுத்தோல்தான்.

2008இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் பாப்பாமோட்டை வழியே விடத்தல்தீவுக்கு நகர்ந்தபோது சிப்பாயின் சுமை நைலான் வார்களுக்கு மாறி நெடுங்காலம் ஆகியிருந்தது. நைலான் நனைந்தாலும் கெடாது, எடையும் குறைவு. ஆனால் தோல் உடுத்தியவனின் உடம்புக்கு ஏற்ப வளையும். ஒரு பழைய இடைவாரைக் கையில் எடுத்தால், அதைக் கட்டியவன் எந்த இடுப்பில் பையைச் சாய்த்துச் சுமந்தான் என்பதுகூட அதன் வளைவில் தெரியும்.