தெரியாதவளின் சாட்சியம்

வில்லியனூர் மாதா கோயில் 1877இல் எழுந்தது. லூர்து நகரில் பெர்னதெத் என்ற சிறுமி குகையில் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொல்லி அப்போது இருபது வருடம்கூட ஆகவில்லை. பிரெஞ்சுச் சாமியார்கள் தங்கள் நாட்டின் புதுப் பக்தியைக் கொண்டுவந்து நட்டார்கள். சுற்றுவட்டாரப் பெண்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கோயிலுக்கு முன்னால் குளம், நேர்த்திக்கடன், தேர், எல்லாம் நம் ஊர் வழக்கப்படி. மாதாவிடம் நேர்ந்துகொள்ளும் பெண்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. இந்தக் கோயில் பிறந்த கதையை ஒரு இறையியல் பிரச்சினையாகப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1858இல் பெர்னதெத்துக்கு 14 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஞானோபதேசம் மனப்பாடம் ஆகாததால் இன்னும் புதுநன்மை வாங்காதவள். மார்ச் 25ஆம் தேதி, அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னாள் என்று, மறந்துவிடக் கூடாதே என வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போய்ப் பங்குச்சாமியார் பெய்ரமாலிடம் ஒப்புவித்தாள். அமல உற்பவம் என்பதுதான் அந்தப் பெயர். மரியாள் தன் தாயின் வயிற்றில் கருவான கணத்திலிருந்தே பாவ மாசு இல்லாதவள் என்பது அதன் பொருள். நான்கு வருடத்துக்கு முன்பு, 1854இல், பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் விசுவாச சத்தியமாக அறிவித்தது அது. புதுச்சேரிப் பேராலயமும் இதே அமல உற்பவ மாதாவின் பெயரில்தான் இருக்கிறது. சனங்கள் வாயில் அது சம்பா கோயில். சிறுமிக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது.

பிரசங்கங்களில் இந்தக் கதை சொல்லப்படும்போது சாமியாரின் குரல் உயர்கிற இடம் இதுதான். படிக்காத பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சொல் எப்படித் தெரியும்? அவளாகச் சொல்லியிருக்க முடியாது, ஆகவே உண்மை. வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் அச்சாணி எது என்று பாருங்கள். பெண்ணின் அறியாமைதான் அவள் சாட்சியத்துக்கு மதிப்புத் தருகிறது. அவள் இறையியல் படித்திருந்தால், அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தே உச்சரித்திருந்தால், அதே காரணத்தால் சந்தேகத்துக்குரியவள் ஆகியிருப்பாள். தெரியாதவள் சாட்சி, தெரிந்தவள் ஆபத்து என்கிற இந்தக் கணக்கு பெர்னதெத்தோடு முடிந்துவிடவில்லை. கத்தோலிக்கக் கல்வி நிலையங்களில் பெண் இறையியல் கற்பிக்க வரும்போதெல்லாம் அது திரும்பத் திரும்ப வருகிறது.

பெர்னதெத்தின் சொல்லைச் சரிபார்க்க ஆயர் ஒரு விசாரணைக்குழு அமைத்தார். தீர்ப்பு வர 1862 ஆயிற்று. விசாரித்தவர்களும் தீர்ப்பு எழுதியவர்களும் ஆண்கள். அவள் பிறகு நெவேர் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள், பூசைப் பொருள்களைப் பராமரித்தாள், 35 வயதில் செத்துப்போனாள். 1933இல் புனிதையானாள்.

நம் பக்கத்துப் பங்குகளில் இறைவனைப் பற்றிச் சொல்லித்தருவதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்துப் புதுநன்மைக்குத் தயார் செய்வது ஞானோபதேசம், இப்போது மறைக்கல்வி. குருமடத்தில் வருடக்கணக்கில் படிப்பது இறையியல். முதலாவதைச் செய்கிறவர்களில் பெண்களே அதிகம். அதற்குச் சம்பளம் கிடையாது, ஆண்டு விழாவில் ஒரு பரிசுப் பொருள் கிடைக்கலாம். இரண்டாவது பட்டம், பதவி, அதிகாரம்.

இந்தப் பிரிவுக்குப் புதுச்சேரியில் தேதி போட்டே வரலாறு சொல்லலாம். பாரிஸ் மிஷன் சாமியார்கள் 1778இல் இங்கே தொடங்கிய குருமடம்தான் 1934இல் பெங்களூருக்குப் போய், இன்று தூய பேதுரு குருமடமாக நிற்கிறது. 1844இல் புதுச்சேரியில் கூடிய திருச்சபை மன்றம் இரண்டு விஷயங்களில் அக்கறை காட்டியது: உள்ளூர்க் குருக்களை உருவாக்குவது, பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பது. அதே வருடம் தூய்ப்புயி சாமியார் மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் சபை. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல முடியாது. எழுத்தே மறுக்கப்பட்ட வீடுகளில் எழுத்து நுழைந்தது. ஆனாலும் சாலை அங்கேதான் இரண்டாகப் பிரிந்தது. பையனுக்குப் படிப்பு பீடம் வரை போகும். பெண்ணுக்குப் படிப்பு வகுப்பறை வரை.

படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வில்லியனூரை விட்டுப் பாகூருக்குப் போக வேண்டும். 1879இல் அங்கே கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகள், நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்கள் வாகூர் வித்யாஸ்தானத்துக்குக் கொடையாக விடப்பட்டதைச் சொல்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் சமயக் கல்லூரி. செப்பேட்டுக் கவிஞர் அந்தக் கல்வியைப் பெருகி வரும் கங்கையாகவும், அதைத் தாங்கும் இடத்தைச் சிவன் சடையாகவும் உருவகிக்கிறார். ஞானம் பெண், தாங்கும் தலை ஆணுடையது. மூன்று ஊர் வயல்களில் நாற்று நட்டுக் களை பறித்த பெண்கள் அந்த நதியில் கால் நனைத்ததாகச் செப்பேட்டில் ஒரு வரி இல்லை. அவர்கள் விளைவித்ததில்தான் கல்லூரி சாப்பிட்டது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 264ஆம் விதி, குருமடத்தின் தேவைக்காக மறைமாவட்டத்தில் வரி விதிக்க ஆயருக்கு அதிகாரம் தருகிறது. சிறப்புக் காணிக்கையும் எடுக்கலாம். மாதா கோயில் உண்டியலில் பெண்கள் முடிந்துவைத்த பத்து ரூபாயும் இருபது ரூபாயும் யாருடைய படிப்பைத் தாங்குகின்றன என்று கேட்பதில் தவறில்லை. பொதுநிலையினர் இறையியல் பட்டம் பெறவும், அனுமதி பெற்றுக் கற்பிக்கவும் 229ஆம் விதி வழிவிடுகிறது. ஆண், பெண் வேறுபாடு அதில் இல்லை. புனேயிலும் பெங்களூரிலும் கன்னியர்கள் படிக்கிறார்கள், பெண் பேராசிரியர்களும் உண்டு. ஆனால் உரிமை என்று எழுதியிருப்பது வேறு, பஸ்காசும் விடுதிக் கட்டணமும் வேறு. குருவாகப் போகிற பையனுக்கு மறைமாவட்டம் துணை நிற்கும். பாகூரிலிருந்து ஒரு பெண் இறையியல் படிக்கக் கிளம்பினால், படித்து என்ன செய்யப்போகிறாய் என்றுதான் வீடும் பங்கும் ஒன்றாகக் கேட்கும். கேள்வி நியாயமானதுதான், பதவி இல்லாத படிப்பு அது.

படித்துவிட்டாள், கற்பிக்கவும் வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பிக்கத் திருச்சபை அதிகாரியின் ஆணை வேண்டும் என்கிறது 812ஆம் விதி. விசுவாசமும் ஒழுக்கமும் சார்ந்த பாடங்களைக் கற்பிப்பவர் பணியேற்கும்போது விசுவாச அறிக்கை செய்ய வேண்டும் என்கிறது 833ஆம் விதி. குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே என்பது 1024ஆம் விதி. 1994இல் இரண்டாம் அருள் சின்னப்பர் அதை மாற்றத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதி விவாதத்தை மூடினார். ஆக, கற்பிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிற அதிகாரம் அவள் ஒருபோதும் ஏற முடியாத பீடத்தில் இருக்கிறது. ஆண் பொதுநிலையினருக்கும் இதே நடைமுறைதான் என்று பதில் சொல்வார்கள். அந்த ஆண் நாளை குருவாகலாம் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கதை வெளிச்சத்தில் நடந்தது. வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பெண்ணை இறையியல் முனைவர் படிப்பில் சேர்க்காததால் மேரி டேலி சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபூருக்குப் போனார். திரும்பிவந்து பாஸ்டன் கல்லூரியில் கற்பித்தார். திருச்சபையும் இரண்டாம் பாலினமும் பற்றிய அவர் நூல் 1968இல் வெளிவந்தது. மறுவருடம் வேலை பறிபோகும் நிலை. போராடி அவரை மீட்ட மாணவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அப்போது அங்கே கலைப் பிரிவில் பெண்களைச் சேர்ப்பதில்லை. டேலிக்குக் கதவடைத்த அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1981இல் எலிசபெத் ஜான்சன் முனைவரானார். 2011இல் அவருடைய நூல் ஒன்றை அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு கண்டித்தது. கண்டிப்பதற்கு முன்பு அவரை அழைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. லூர்துச் சிறுமியையாவது உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில், கொழும்பில், திஸ்ஸ பாலசூரிய சாமியாருக்கு நடந்தது மாதா பக்தர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். 1990இல் மரியாளும் மனித விடுதலையும் பற்றி எழுதினார். பணிந்து தலைகுனிந்த மரியாளைக் கேள்வி கேட்டு, வளர்ந்த, போராடுகிற, ஏழைகளின் பக்கம் நிற்கிற ஒரு பெண்ணை அங்கே காட்டினார். பிறவிப் பாவக் கோட்பாட்டையும் தொட்டார். உரோமை அவரிடம் கையெழுத்துக் கேட்டு அனுப்பிய விசுவாச அறிக்கையில், பெண்களுக்குக் குருத்துவம் தரத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்ற வாசகமும் இருந்தது. அவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. 1997 ஜனவரியில் சபை நீக்கம். ஒரு வருடம் கழித்துத் தீர்வு. மாதாவைப் பற்றி ஒரு ஆண் யோசித்தாலும் விசாரணை பெண் குருத்துவத்தில் போய் நிற்கிறது என்றால், அந்த இரண்டு விஷயங்களும் எவ்வளவு நெருக்கமானவை என்பது நம்மைவிட உரோமைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பெண் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவர் இருந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் 1745ஆம் வருட நாட்குறிப்பிலேயே பார்க்கலாம். கல் சுவர் போய்விட்டது. கன்னியர் மடத்துக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை, மடத்தில் சேர்ந்து வெளியேறிய பாமா 1992இல் ‘கருக்கு’ மூலம் தமிழுக்குச் சொன்னார். விவிலியத்தை ஒரு தலித் பெண் தன் வாழ்க்கையின் பக்கத்தில் வைத்து வாசித்த நூல் அது. இலக்கிய வகுப்புகள் அதைப் பாடமாக வைத்தன. என் பார்வையில் அது தமிழில் எழுதப்பட்ட முக்கியமான இறையியல் நூல்களில் ஒன்று. தன்வரலாறு என்ற அலமாரியில் வைத்துவிட்டால் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

2021 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாக நிறுவினார். பெண்களுக்கும் அது உண்டு. ஜனவரியிலேயே வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். மறையுரை மட்டும் 767ஆம் விதிப்படி இன்றும் குருவுக்கும் தியாக்கோனுக்கும் உரியது. வில்லியனூர்த் திருவிழாவில் ஒரு பெண் வாசகம் படிக்கலாம், நற்கருணை வழங்கலாம், ஞாயிறு முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம். பெர்னதெத்தின் கதையைப் பூசையில் விளக்குகிற அந்தப் பத்து நிமிடம் மட்டும் அவளுக்கு இல்லை. விளக்குகிறவர் மறுபடியும், படிக்காத பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பார். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் இறையியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய ஒரு சிஸ்டரும் இருக்கலாம்.