மூன்றாம் சுற்றில் பிடித்த எஞ்சின்

ஒடுகத்தூரில் இருந்து மலைப்பக்கம் போகிற வழியில் எங்கள் மேல்கழனி இருக்கிறது. கிணற்றோரக் கொட்டகையில் அப்பா வாங்கிய 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் இருபது வருடத்துக்கும் மேலாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமான பிறகு இப்படி மூலையில் ஒதுங்கிய எஞ்சின்கள் ஏராளம். அவற்றில் பல, பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. எங்களுடையது தப்பியதற்குக் காரணம், அப்பாவுக்கு அதைத் தூக்கிப்போட மனம் வராததுதான். மேல்கழனிக் கிணற்றுக்கு இன்னும் மின் இணைப்பு இல்லை. இந்த முறை மல்லாட்டை (நிலக்கடலை) பூவெடுக்கும் சமயத்தில் மழை தப்பியதும் சாக்கை விலக்கினேன்.

உள்ளே இருந்தது கிர்லோஸ்கர் ஏவி1. ஒற்றைச் சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது. சிலிண்டரின் குறுக்களவு 80 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 110 மி.மீ., கொள்ளளவு 553 சி.சி. நிமிடத்துக்கு 1500 சுற்றில் 3.7 கிலோவாட் தரும். இன்று ஒரு சாதாரண ஸ்கூட்டரே இதைவிட அதிகக் குதிரைத்திறன் காட்டும். ஆனால் ஸ்கூட்டரை முழு பாரத்தில் காலை முதல் மாலை வரை நிறுத்தாமல் ஓட்ட முடியாது. இந்த எஞ்சின் அதற்காகவே செய்யப்பட்டது.

முதலில் புதிதாக வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஆள் தூக்கிவிடக்கூடிய, 3000 சுற்றுக்கு மேல் ஓடுகிற சின்ன எஞ்சின்கள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. என்னைத் தடுத்தது எடையோ விலையோ அல்ல, எங்கள் பம்பு. அது 1500 சுற்றுக்கு என்றே தேர்ந்தெடுத்து எஞ்சினோடு நேராகக் கோத்த பம்பு. அதை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றினால் கேட்கும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆகவே எஞ்சினை மாற்றினால் பம்பையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பெல்ட்டும் புல்லியும் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். அடித்தளத்தில் போல்ட் துளைகளைப் புதிதாகப் போட வேண்டும். குழாயின் உயரம்கூட மாறிவிடும்.

பழைய மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். படகில் பம்புக்குப் பதிலாகப் புரொப்பல்லர். மெதுவாகச் சுற்றும் பழைய எஞ்சினுக்கு என்று அளவெடுத்த பெரிய புரொப்பல்லரில் வேகமான புது எஞ்சினை மாட்டினால் கியர் விகிதம் மாற வேண்டும், இல்லை புரொப்பல்லர் மாற வேண்டும். ஷாஃப்ட் நேர்கோட்டில் இருந்து இம்மி விலகினாலும் படகு முழுக்க உதறும். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் பழைய லிஸ்டர் எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துக் கட்டி இன்றும் ஓட்டுகிறார்கள் என்றால், பழசின் மேல் உள்ள பாசம் மட்டும் காரணமல்ல. நம் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகளில் பலவற்றைத் தள்ளுவதும் நீண்ட ஷாஃப்ட் மாட்டிய ஒற்றைச் சிலிண்டர் டீசல்தான். எங்கள் கிணற்று எஞ்சினுக்கு அது உறவுக்காரன். உப்புத் தண்ணீர் அதன் ஆயுளைத் தின்கிறது, இங்கே தூசி தின்கிறது.

ஓவராயில் செய்து கொடுத்தவர் ஒடுகத்தூரில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். ஹெட்டைக் கழற்றும் முன்பே ஃப்ளைவீலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். பிறகு அடிக்கதவைத் திறந்து கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்தார்.

"கிராங்க் நல்லா கீதுப்பா. பிளாக்லயும் வெடிப்பு இல்ல. மத்ததெல்லாம் கடையில கிடைக்கும்."

எனக்கு இந்த வேலை கற்றுத்தந்ததில் முக்கியமானது அந்த இரண்டு நிமிடப் பரிசோதனைதான். கிராங்க்கும் பிளாக்கும் சரியாக இருந்தால் கட்டலாம். இரண்டில் ஒன்று போயிருந்தால் பணத்தை அதில் கொட்டக் கூடாது.

லைனர் தேய்ந்திருந்தது. பிஸ்டன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு அதன் வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தோம். அரை மி.மீ.க்குள் இருக்க வேண்டியது ஒன்றரை மி.மீ.யைத் தாண்டியது. லைனரின் மேல்பக்கத்தில் நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்கு ஒரு விளிம்பு. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் செட்டாகப் புதிது போட்டோம். கிராங்க் பின்னை லேத்தில் 0.25 மி.மீ. கடைந்து அதற்கேற்ற பேரிங் போட்டார்கள். வால்வுகளைப் பவுடர் வைத்துத் தேய்த்துத் தேய்த்து உட்காரவைப்பதற்கே ஒரு மத்தியானம் ஆனது. ஹெட்டைத் தலைகீழாக வைத்து வால்வின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, கசியாமல் நின்ற பிறகுதான் பெரியவர் தலையசைத்தார்.

கடைசியில் தகராறு செய்தது நாசில். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு கடையில் வாங்கிப் போட்டேன். நாற்பது முறை ஹாண்டில் போட்டும் வெள்ளைப் புகை மட்டும் வந்தது. டெஸ்டரில் வைத்துப் பம்பு அடித்தபோது பனிப்புகை மாதிரி சீற வேண்டிய டீசல், மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டியது. ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறந்து, தூவி, பட்டென்று மூட வேண்டிய பொருள் அது. அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தது என் தவறு. அசல் நாசில் வந்தது. டீசல் குழாயில் ஏர் எடுத்தோம். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹாண்டிலைச் சுற்றி, வேகம் ஏறியதும் லீவரை விட்டேன். மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

ஹாண்டில் போடும்போது கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் ஹாண்டில் கையை விட்டு நழுவிப் போகும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு உடையும்.

இன்னொரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பம்பு நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. தண்ணீர் கீழே இறங்கியதும் எஞ்சினையே கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்குகிற பழக்கம் முன்பு இருந்தது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே தேங்கினால் இறங்கியவர் ஏறி வரமாட்டார். நான் எஞ்சினை மேலேயே வைத்திருக்கிறேன். தண்ணீர் ஏழு மீட்டருக்குக் கீழே போனால் அன்றைக்குப் பாசனம் இல்லை.

ஓடிய விதத்தைச் சொல்கிறேன். முதல் பத்து மணி நேரம் பம்புக் குழாயின் வால்வைப் பாதி மூடி அரை பாரத்தில் ஓட்டினேன். வெறுமனே ஓடவிடக் கூடாது என்று பெரியவர் எச்சரித்திருந்தார். பாரமே இல்லாமல் ஓடினால் ரிங் லைனரில் படியாமல் வழவழப்பாகிவிடும், பிறகு எண்ணெய் எரியும். முதல் சூட்டுக்குப் பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கினோம். 25 மணி நேரத்தில் எண்ணெய் மாற்றினேன். அதில் இரும்புப் பொடி மினுங்கியது, புது லைனருக்கு அது சகஜம். மூடிவைக்கும் முன் கடைசிக் காலத்தில் ஒரு லிட்டர் டீசல் நாற்பது நிமிடம்கூட வரவில்லை என்று அப்பா சொல்வார். இப்போது முழு பாரத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் வருகிறது. புகைக்குழாயில் கறுப்பு இல்லை. மொத்தச் செலவு, நான் விலை கேட்ட புது எஞ்சினும் பம்பும் சேர்ந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு.

குறைகள் உண்டு. சத்தம் காதைப் பிளக்கிறது, பக்கத்தில் நின்று பேச முடியாது. அதிகாலைக் குளிரில் ஹாண்டில் போட இரண்டு பேர் வேண்டும். எண்ணெய் அளவு, தண்ணீர்ச் சூடு இரண்டையும் காட்ட எந்த மீட்டரும் கிடையாது, கையும் காதும்தான் மீட்டர். இலவச மின்சாரத்தோடு டீசல் செலவை ஒப்பிட்டால் வயிறு எரியும். மேல்கழனிக்கு இணைப்பு வந்தால் மோட்டார்தான் போடுவேன்.

இதுவரை 62 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீலில் மட்டும் லேசாகக் கசிகிறது. மல்லாட்டை அறுவடை முடிந்ததும் சக்கரத்தைக் கழற்ற வருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அதுவரை கசிவுக்கு அடியில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.