விலைக்குப் போனது எது? மைஎஸ்கியூஎல் கைமாறியதைப் பற்றிய விமர்சனம்

2008 சனவரி 16 அன்று அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், சுவீடனைச் சேர்ந்த மைஎஸ்கியூஎல் ஏபி என்னும் சிறு நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. இதில் சுமார் 80 கோடி டாலர் ரொக்கம். எஞ்சியது பங்கு விருப்புரிமைகள். மைஎஸ்கியூஎல் ஏபியில் அப்போது சுமார் 400 பேர் வேலை பார்த்தனர். அந்நிறுவனம் உருவாக்கிய தரவுத்தள மென்பொருளின் மூலநிரலை எவரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கேட்டவருக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு 100 கோடி டாலர் எதற்கு?

அன்று எழுந்த பாராட்டுகளில் இந்தக் கேள்வி அதிகம் கேட்கவில்லை. திறந்த மூல மென்பொருளுக்குப் பெருநிறுவன உலகம் தந்த அங்கீகாரமாகவே பலரும் இந்த விற்பனையைக் கொண்டாடினர். இரண்டே ஆண்டுகளில் அதே மென்பொருள், தரவுத்தளச் சந்தையின் பெரும்புள்ளியான ஆரக்கிளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் விலைக்குப் போனது எது என்று பலரும் தேடத் தொடங்கினர்.

இரட்டை உரிமம்

மைஎஸ்கியூஎல் ஏபியை 1995இல் மைக்கேல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகிய மூவர் தொடங்கினர். பின்லாந்துக்காரரான விடேனியஸ், மென்பொருளின் பெயரில் தம் மூத்த மகளின் பெயரைச் சேர்த்தார். லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி வழங்கி, பிஎச்பி மொழி ஆகியவற்றோடு சேர்ந்து இம்மென்பொருள் ஆயிரக்கணக்கான இணையதளங்களைத் தாங்கியது. வேர்ட்பிரஸ், விக்கிப்பீடியா, பேஸ்புக் ஆகியவை இதன்மீதுதான் வளர்ந்தன.

2000ஆம் ஆண்டு இது ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அந்த உரிமத்தின்படி, நிரலை எடுத்துத் தன் மென்பொருளோடு பிணைத்துப் பிறருக்கு வழங்குபவர், தன் மூலநிரலையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். தன் நிரலைத் திறக்க விரும்பாத வணிக நிறுவனம் என்ன செய்யும்? மைஎஸ்கியூஎல் ஏபியிடம் பணம் கட்டி, ஜிபிஎல் நிபந்தனைகள் இல்லாத தனி உரிமம் ஒன்றை வாங்கிக்கொள்ளும். ஒரே நிரல், இரண்டு உரிமங்கள். ஆதரவுச் சேவைக் கட்டணத்தோடு இந்த உரிமத் தொகையும் நிறுவனத்துக்கு வருவாயாக இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. நிரலின் ஒவ்வொரு வரிக்குமான உரிமை நிறுவனத்திடம் இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் பத்து வரி திருத்தம் அனுப்பினாலும், அதை வேறு உரிமத்தில் விற்கும் உரிமையையும் சேர்த்தே அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுத்தது. தேரின் பத்திரம் மட்டும் ஒருவர் பெயரில் இருந்தது.

அந்தப் பத்திரத்துக்குத்தான் சன் விலை கொடுத்தது. நிரலை வாங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. பதிப்புரிமை, வணிகப் பெயர், நிரலை எழுதத் தெரிந்த ஊழியர்கள், பணம் கட்டும் வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவையே கைமாறின. இவற்றுள் பதிப்புரிமை தனித்து நிற்பது. ஊழியர்கள் விலகிப் போகலாம், வாடிக்கையாளர்கள் மாறலாம், பெயர்கூட மங்கிப்போகலாம். விதிவிலக்கு விற்கும் அதிகாரம் உரிமையாளரைவிட்டு அகலாது.

பத்திரம் பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்நிறுவனத்துக்கே முன்பு ஒரு பாடம் கிடைத்திருந்தது. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் நம்பகமான பரிவர்த்தனைகளுக்கு உதவிய இன்னோடிபி என்னும் சேமிப்புப் பொறி அதன் சொந்தச் சரக்கன்று. ஹெய்க்கி தூரி நிறுவிய இன்னோபேஸ் என்னும் பின்லாந்து நிறுவனத்துக்கு உரியது. 2005 அக்டோபரில் ஆரக்கிள் சத்தமில்லாமல் இன்னோபேஸை வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு பெர்க்லி டிபி என்னும் மற்றொரு பொறிக்குச் சொந்தமான ஸ்லீப்பிகேட்டையும் வாங்கியது. ஜிபிஎல் உரிமத்தில் இன்னோடிபி தொடர்ந்து கிடைத்தது. எனினும் அதை வணிக உரிமத்தில் விற்க வேண்டுமானால், தன் போட்டியாளரிடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் நிலைக்கு மைஎஸ்கியூஎல் ஏபி தள்ளப்பட்டது.

சன் நிறுவனத்தில் ஓராண்டு

சன் நிறுவனத்தைக் கெட்ட நோக்கம் கொண்டதாகக் காட்டுவது நியாயமாகாது. ஜாவாவையும் ஓப்பன் ஆபிசையும் சோலாரிசையும் திறந்த மூலமாக்கிய நிறுவனம் அது. 2008 ஏப்ரலில் சில காப்புநகல் வசதிகளைக் கட்டண வாடிக்கையாளருக்கு மட்டும் மூடிய நிரலாகத் தரும் திட்டம் வெளியானபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. மே மாதத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. அத்திட்டம் விற்பனைக்கு முன்பே மைஎஸ்கியூஎல் ஏபிக்குள் உருவானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கதவை மூடும் ஆசை பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே வருவதன்று.

ஆனால் சன் தானே தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதை மேலும் சாய்த்தது. நிறுவனர்களும் நிலைக்கவில்லை. ஆக்ஸ்மார்க் 2008 முடிவதற்குள் விலகினார். பிழைகள் தெரிந்திருந்தும் 5.1 பதிப்பை நிறைவுபெற்றதாக அறிவித்ததை வெளிப்படையாகக் கண்டித்த விடேனியஸ், 2009 பிப்ரவரியில் வெளியேறினார். தலைமை நிர்வாகியாக இருந்த மோர்ட்டன் மிக்கோசும் அதே காலத்தில் விடைபெற்றார். 2009 ஏப்ரல் 20 அன்று, சன் முழுவதையும் 740 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. யாருக்கு விற்கிறோம் என்று பார்த்து விற்றவர்கள், வாங்கியவர் யாருக்கு விற்பார் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் இல்லை.

ஒரே முகாமின் இரு குரல்கள்

அமெரிக்க நீதித்துறை இந்த இணைப்புக்கு ஆகஸ்டிலேயே ஒப்புதல் அளித்தது. ஐரோப்பிய ஆணையம் அவ்வளவு எளிதில் விடவில்லை. செப்டம்பரில் ஆழ்ந்த விசாரணையைத் தொடங்கியது. இந்த நிகழ்வில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கட்டம் இதுவே. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இரு பெரும் ஆளுமைகள் இங்கே எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர்.

ஜிபிஎல் உரிமத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து, மைஎஸ்கியூஎல் ஆரக்கிளிடம் போகக்கூடாது என்று ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். நிரலை எவரும் கிளை பிரித்து வளர்க்கலாம் என்பது உண்மைதான்; ஆனால் அவ்வாறு பிரிந்த கிளை வணிக உரிமம் விற்க முடியாது, அந்த வருவாய் இல்லாமல் அதே வேகத்தில் வளரவும் முடியாது என்பது அவர்கள் வாதம். இயக்கத்தின் சட்ட அறிஞரும் ஸ்டால்மனோடு நெடுங்காலம் பணியாற்றியவருமான எபன் மோக்லன் நேரெதிராகக் கருத்துரைத்தார். உரிமையாளர் எவராயினும் நிரலைப் பொதுவெளியிலிருந்து பிடுங்க இயலாதவாறு காப்பதற்காகவே ஜிபிஎல் எழுதப்பட்டது என்றும், அந்தக் காப்பு போதுமானது என்றும் அவர் வாதிட்டார்.

இருவரில் யார் சொன்னது சரி? பின்னர் நடந்தவற்றை வைத்துப் பார்த்தால், இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மோக்லன் நிரலைப் பற்றிப் பேசினார், நிரல் பிழைத்தது. ஸ்டால்மன் நிரலை வளர்ப்பதற்கான பணத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பணம் கிளைக்கு வரவில்லை.

விடேனியஸின் நிலைப்பாடு மேலும் சிக்கலானது. ஆரக்கிளுக்கு எதிராக 2009 டிசம்பரில் அவர் இணையத்தில் கையொப்பங்கள் திரட்டினார். வேறு ஒருவருக்கு விற்க வேண்டும், அல்லது எவரும் மூடிய மென்பொருளிலும் பயன்படுத்திக்கொள்ளும்படி உரிமத்தைத் தளர்த்த வேண்டும் என்பன அக்கோரிக்கைகளுள் அடங்கும். விற்றுப் பணமும் பெற்றுக்கொண்டவர் விற்ற பொருளைத் திரும்பக் கேட்பதா என்ற ஏளனம் அன்றே எழுந்தது. அந்த ஏளனத்தில் நியாயம் உண்டு. எனினும் அவர் சுட்டிக்காட்டிய ஓட்டை உண்மையானது. அவர் சொல்லாமல் விட்டது, அந்த ஓட்டையைப் போட்டதே இரட்டை உரிம ஏற்பாடுதான், அதன் பலனை முதலில் அனுபவித்ததும் அவர்தான் என்பதை.

டிசம்பர் 14 அன்று ஆரக்கிள் பத்து வாக்குறுதிகளை வெளியிட்டது. அடுத்த பதிப்புகளையும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுவது, சன் செலவிட்டதைவிட அதிகமாக ஆய்வுக்குச் செலவிடுவது ஆகியவை அவற்றுள் சில. அனைத்துக்கும் ஆயுள் அதிகபட்சம் ஐந்தே ஆண்டுகள். 2010 சனவரி 21 அன்று ஆணையம் நிபந்தனையின்றி ஒப்புதல் தந்தது. ஒரு மென்பொருளின் வாழ்வை ஐந்தாண்டு வாக்குறுதிகளைக் கொண்டு அளந்தது, ஆணையத்தின் நீண்ட விசாரணைக்குப் பொருந்தாத முடிவு.

பிறகு

மைஎஸ்கியூஎல் சாகவில்லை. 2010 டிசம்பரில் 5.5, 2013இல் 5.6, 2015இல் 5.7, 2018இல் 8.0 என்று பதிப்புகள் வந்தன. ஐந்தாண்டுக் கெடு முடிந்த பின்னும் ஜிபிஎல் உரிமம் நீடித்தது. தொழில்நுட்ப அளவில் அவை தரமானவை என்பதை ஆரக்கிளின் எதிர்ப்பாளர்களும் மறுப்பதில்லை. மூடல் வேறு வழிகளில் வந்தது. 2011 முதல் சில நீட்சிகள் கட்டணப் பதிப்புக்கு மட்டும் சேர்க்கப்பட்டன. பிழை திருத்தங்களோடு வந்துகொண்டிருந்த சோதனை நிரல்கள் 2012இல் பொதுவெளிக்கு வருவது நின்றது. இதில் எதுவும் ஜிபிஎல் மீறல் ஆகாது. பதிப்புரிமை உரியவரை அந்த உரிமம் கட்டுப்படுத்துவதில்லை. அது கட்டுப்படுத்துவது மற்றவர்களைத்தான்.

விடேனியஸ் பிரித்த கிளைக்கு இளைய மகள் மரியாவின் பெயரைக் கொண்டு மரியாடிபி என்று பெயரிட்டார். 2013இல் ஆங்கில விக்கிப்பீடியா மரியாடிபிக்கு மாறியது; தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்களும் இன்று அதில்தான் சேமிக்கப்படுகின்றன. பயன்பாட்டில் இது வெற்றிதான். வருவாயில் ஸ்டால்மனின் எச்சரிக்கை பலித்தது. மைஎஸ்கியூஎல் நிரலின் தொடக்க வரிகளை எழுதியவர் விடேனியஸ். ஆயினும் அந்த வரிகளை வேறு உரிமத்தில் விற்க அவருக்கு இன்று உரிமை இல்லை. மென்பொருளை நேற்று இறக்கிக்கொண்ட ஒரு மாணவருக்கு உள்ள அதே உரிமைதான் அவருக்கும். மரியாடிபி நிறுவனம் 2016இல் மேக்ஸ்ஸ்கேல் என்னும் தன் துணை மென்பொருளை, மூலநிரலைப் படிக்கலாம், குறிப்பிட்ட அளவுக்குமேல் தொழிலில் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும் என்னும் புதிய வகை உரிமத்துக்கு மாற்றியது. சில ஆண்டுகள் கழிந்தபின்பே அது கட்டற்றதாகும். 2022இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குச் சென்ற அந்நிறுவனத்தை, 2024இல் கே1 என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஒருமுறை நடந்தது மறுமுறையும் நடந்தது.

இதோடு ஒப்பிட வேண்டியது போஸ்ட்கிரெஸ்கியூஎல். அதுவும் திறந்த மூலத் தரவுத்தளமே. ஆனால் அதன் பதிப்புரிமை ஒரு நிறுவனத்திடம் குவிந்திருக்கவில்லை. அதை நம்பி 2000இல் எழுந்த கிரேட் பிரிட்ஜ் என்னும் நிறுவனம் மறு ஆண்டே மூடப்பட்டது. மென்பொருளுக்கு எதுவும் ஆகவில்லை. லினக்ஸ் கருவின் நிலையும் ஏறத்தாழ இதுவே: 2019இல் ஐபிஎம் 3400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹாட்டை வாங்கியபோதும், ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக்கிடக்கும் லினக்ஸ் பதிப்புரிமை கைமாறவில்லை. இத்தகைய திட்டங்கள் மெதுவாகவே வளரும், விளம்பரத்துக்கும் பணம் இருக்காது என்பது உண்மை. மைஎஸ்கியூஎல் இணையம் முழுவதும் பரவியதற்குப் பின்னால் அந்த 400 பேரின் சம்பளம் இருந்தது என்பதும் உண்மை.

மரியாடிபி அறக்கட்டளை, திருத்தம் அனுப்புவோர் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு தளர்வான பிஎஸ்டி உரிமத்திலும் தரலாம் என்று அனுமதிக்கிறது. மைஎஸ்கியூஎல் மென்பொருளுக்கு ஒரு பிழை திருத்தம் அனுப்ப விரும்புபவர் முதலில் ஆரக்கிளின் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.