திரைப்படத்தில் அழுகை: பாத்திரத்தின் உணர்வும் பார்ப்போர் உணர்வும்

0. முன்னுரை

திரைப்படத் திறனாய்வுகளில் 'உருக்கமான காட்சி' என்னும் தொடர் பெருவழக்காக உள்ளது. உருகுவது யார் என்பதை இத்தொடர் தெளிவுபடுத்துவதில்லை. திரையில் அழும் பாத்திரமா, அரங்கில் அமர்ந்து பார்ப்பவரா? இருவர் உணர்வும் ஒன்றே என்னும் எண்ணம் இத்தொடரில் உள்ளீடாக அமைந்துள்ளது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை இரண்டு வங்காளத் திரைப்படங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, சத்யஜித் ராய் இயக்கிய 'பதேர் பாஞ்சாலி' (1955). மற்றொன்று, ரித்விக் கட்டக் இயக்கிய 'மேகே டாக்கா தாரா' (1960).

இவ்விருவரையும் ஒப்பிடுவோர் ராயை அடக்கத்தின் கலைஞர் என்றும் கட்டக்கை மிகையுணர்ச்சியின் கலைஞர் என்றும் பகுப்பதுண்டு. பாத்திரம் எவ்வளவு உரக்க அழுகிறது என்பதை அளவுகோலாகக் கொண்ட பகுப்பு இது. பார்ப்போர் உணர்வு எவ்வாறு தோற்றுவிக்கப்படுகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால் இப்பகுப்பு நிலைபெறாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1. அடிப்படைக் கருத்துகள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் வரையறுக்கிறது. அழுகைக்குக் கூறப்படுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதலும், உயிரையோ பொருளையோ இழத்தலும், முன்னை நிலையிலிருந்து தாழ்தலும், நல்குரவும் இவற்றால் குறிக்கப்பெறும். கண்ணீர் என்னும் புறக்குறியை மட்டும் நோக்காது, அது எதனால் பிறந்தது என்பதையும் இவ்வியல் நோக்குகிறது என்பது கருதத்தக்கது.

இவ்வியலுக்கு உரைகண்ட பேராசிரியர், பார்ப்போர் பற்றி நுட்பமான கருத்தொன்றை முன்வைக்கிறார். அஞ்சி நிற்கும் ஒருவனைக் காண்பவர்க்கு நகையோ இரக்கமோ தோன்றலாம். அவனுக்குத் தோன்றிய அதே அச்சம் தோன்றுவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். வடமொழி நாட்டிய நூலாரும் பாத்திரத்தின் சோகத்தையும் அவைக்கு விளையும் கருணச் சுவையையும் வேறு பெயரிட்டே வழங்கினர். ஆகவே, பார்ப்போர் உணர்வு பாத்திர உணர்வின் படி அன்று. அதற்குத் தனித்த தோற்றுவாய் இருத்தல் வேண்டும்.

அத்தோற்றுவாயை விளக்க மொழியியலின் இரு கருத்துகள் துணைபுரிகின்றன. ஒன்று, கூற்றில் கேட்போர் முன்னரே அறிந்த செய்தியும் புதுச் செய்தியும் பிரிந்து நிற்றல். மற்றொன்று முற்கோள், அதாவது, கூற்று பொருள்படுவதற்கு முன்கூட்டியே உண்மை எனக் கொள்ளப்படும் செய்தி. 'தங்கைக்குச் சேலை வாங்கினேன்' என்னும் கூற்றில் தங்கை இருக்கிறாள் என்பது முற்கோள் ஆகும்.

2. சர்பஜயாவின் அழுகை

'பதேர் பாஞ்சாலி'யில் மழையில் நனைந்து காய்ச்சலுற்ற சிறுமி துர்கா, புயல் வீசிய இரவுக்குப் பின் இறக்கிறாள். பொருள் தேடி வெளியூர் சென்ற தந்தை ஹரிஹர் இதனை அறியார். திரும்பி வந்தவர், சிதைந்த வீட்டைக் கண்டு வருந்துகிறார். பின்னர், வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி சர்பஜயாவிடம் காட்டுகிறார். இறுதியில் துர்காவுக்காக வாங்கிய சேலை வெளிப்படுகிறது. அதுவரை பேசாதிருந்த சர்பஜயா அச்சேலையை முகத்தோடு சேர்த்துக்கொண்டு கதறுகிறாள். அக்கதறல் நம் செவிக்கு எட்டுவதில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் என்னும் கருவியின் உச்ச ஒலி எழுகிறது.

இக்காட்சியின் ஆற்றல் இசையில் மட்டும் இருப்பதாகக் கூறுவது பாதி உண்மையே. துர்காவின் இறப்பு பார்ப்போருக்கு அறிந்த செய்தி. ஹரிஹருக்கு இன்னும் வந்து சேராத செய்தி. அவருடைய இயல்பான பேச்சு முழுவதும் மகள் உயிரோடிருக்கிறாள் என்னும் முற்கோளின்மீது நிற்கிறது. அம்முற்கோள் பொய்த்துப் போனதை அவர் ஒருவரே அறியார். நம் இலக்கண மரபில் வைத்துக் கூறின், அச்சேலை கொள்வோர் இல்லாத நான்காம் வேற்றுமையாக நிற்கிறது. அவர் மகிழ்ச்சியுடன் கூறும் ஒவ்வொரு சொல்லும் பார்ப்போருக்கு வேதனை தருவது இதனாலேயே ஆகும். அழுகை தொடங்குவதற்கு முன்பே, அழாத ஒருவரைப் பார்த்தே நாம் கலங்கிவிடுகிறோம்.

இசையின் பணி இதன் பின்னரே வருகிறது. தார் ஷெனாய் என்பது வில்லால் இசைக்கப்படும் எஸ்ராஜ் வகைக் கருவி. புனல்வடிவ உலோகக் குழல் அதன் ஒலியைப் பெருக்கும். அதன் ஒலி மனிதக் குரலை நினைவூட்டும்; ஆயினும் குரல் அன்று. ரவிசங்கர் இசையமைத்த இப்படத்தில் தாயின் குரலை நீக்கிவிட்டு இவ்வொலியை வைத்தமையால், பார்ப்போர் வாயசைவைக் கண்டு குரலைத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியவராகின்றனர். முகம் கூறியதை இசையும் திரும்பக் கூறும் படங்கள் பல. அங்கு இசை மிகைச்செய்தி. இங்கோ நீக்கப்பட்ட ஒன்றின் இடத்தை அது ஏற்கிறது.

3. நீதாவின் கதறல்

'மேகே டாக்கா தாரா'வின் நீதா, நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்தினின்று பெயர்ந்து கொல்கத்தாவின் புறநகர்க் குடியிருப்பில் வாழும் குடும்பத்தின் மகள். அவள் ஈட்டும் பொருளே குடும்பத்தைத் தாங்குகிறது. அவள் காதலித்த சனத் அவளுடைய தங்கை கீதாவை மணக்கிறான். அண்ணன் சங்கர் பாடகனாகப் புகழ் பெறும் காலத்தில் அவள் காசநோய்க்கு ஆளாகிறாள். அசைவும் வறுமையும் குடும்பத்துக்குரியன. இழவும் இளிவும் அவளுக்கே உரியன. அழுகையின் நிலைக்களன் நான்கும் நிரம்பியும் அவள் பெரும்பாலும் வாய்விட்டு அழுவதில்லை. சனத்தின் இல்லத்தில் வேறொரு பெண் இருப்பதை உணர்ந்து அவள் படியிறங்கும்போது சவுக்கடி போன்ற ஓசை கேட்கிறது. அடிப்பவரும் சவுக்கும் காட்சியில் இல்லை. அவள் முகம் வெளிப்படுத்தாததை அவ்வோசை வெளிப்படுத்துகிறது.

இறுதியில் ஷில்லாங் மலைப்பகுதியின் மருத்துவ இல்லத்தில் அவளைக் காணச் சங்கர் வருகிறான். கீதாவின் குழந்தையினது துறுதுறுப்பைப் பற்றிக் கூறுகிறான். அந்நிலையில்தான், தான் வாழவே விரும்பியிருந்ததாக நீதா கதறுகிறாள். காட்சிக்கருவி அவளை விட்டு நீங்கி மலைகளின்மேல் சுழல்கிறது. குரல் மட்டும் எதிரொலிக்கிறது.

இங்கு வினைமுற்றின் காலம் நோக்கத்தக்கது. 'சாவா' என்னும் வங்க வினையின் தொலைவிறந்தகால வடிவம் அது. தமிழில் 'விரும்பியிருந்தேன்' என்பதை ஒத்தது. உயிரோடிருப்பவள் வாழும் விருப்பத்தை முடிந்துபோன ஒன்றாகக் கூறுகிறாள். அடுத்து, தான் வாழ்வேன் என்று சொல்லுமாறு அண்ணனை வேண்டுகிறாள். இறந்தகாலத்திலிருந்து எதிர்காலத்துக்குக் கூற்று நகர்கிறது. துணையுரையை மட்டும் நம்பிப் பார்ப்பவர்க்குக் கூற்றின் கருத்து கிட்டும். இக்கால வேறுபாட்டின் அழுத்தம் எளிதில் கிட்டாது. திரைப்பட உணர்ச்சி மொழி கடந்தது என்னும் பொதுக்கூற்றை இக்காட்சி ஐயத்துக்கு உள்ளாக்குகிறது எனலாம்.

4. அடக்கமும் மிகையும்

மேற்கண்ட இரு காட்சிகளிலும் ஒரே நெறி செயற்படுவதைக் காணலாம். அழுகைக்கான காரணம் முழுமையாகக் காட்டப்படுகிறது. அழுகை என்னும் புறக்குறி தடுத்து நிறுத்தப்படுகிறது. ராய் அதனை ஒரு காட்சியின் அளவில் தடுத்து, பின் குரலை நீக்கி வெளியிடுகிறார். கட்டக் ஏறக்குறையப் படம் முழுவதும் தடுத்து, பின் உருவத்தை நீக்கிக் குரலை வெளியிடுகிறார். அங்கு முகம் உண்டு, குரல் இல்லை. இங்குக் குரல் உண்டு, முகம் இல்லை. நீக்கப்பட்ட பாதியைப் பார்ப்போரே நிரப்புகின்றனர். நீதாவின் கதறலை மட்டும் தனியே பிரித்தெடுத்து மிகை என்போர், அதற்கு முன் நீண்ட மௌனத்தைக் கணக்கில் கொள்ளாதவர் ஆவர்.

பார்ப்போரும் பாத்திரத்துடன் சேர்ந்து அழுவதில்லையா என்று வினவலாம். அழுவர்; ஆயினும் காரணம் ஒன்றன்று. நீதா அழுவது தன் வாழ்வுக்காக. நாம் அழுவதோ, அவள் கூறும் விருப்பத்தை அதுவரை எவரும் வினவவில்லை என்பதை அறிந்திருப்பதால். சங்கருக்கு அது புதுச் செய்தி. நமக்கு அது அறிந்த செய்தி.

இதற்குப் படத்தின் இறுதிக் காட்சியே சான்று பகர்கிறது. தொடக்கத்தில் நீதாவின் செருப்பு வார் அறுகிறது. அது வறுமையின் எளிய குறியாக மட்டும் அமைகிறது. முடிவில் குடியிருப்புத் தெருவில் மற்றொரு பெண்ணின் செருப்பு வார் அறுகிறது. அவள் சற்றே நாணிச் சிரித்துவிட்டு நடக்கிறாள். அவளைப் பார்த்த சங்கர் முகத்தை மூடி அழுகிறான். சிரிப்பவள் ஒருத்தி, அவளைக் கண்டு அழுபவன் ஒருவன். அஞ்சியவனைக் கண்டவர்க்கு அச்சமன்றி வேறொன்று தோன்றும் என்ற உரையாசிரியரின் கருத்துக்கு இதனினும் பொருத்தமான காட்சி காண்டல் அரிது. சங்கர் இங்குப் பாத்திரமாக இருந்தவாறே நம்மைப் போன்ற பார்வையாளனும் ஆகிவிடுகிறான்.

5. முடிவுரை

பார்ப்போர் உணர்வு பாத்திரத்தின் கண்ணீரிலிருந்து நேரே பாய்ந்து வருவதன்று. யார், எதனை, எப்போது அறிந்தனர் என்னும் இடைவெளியிலும், காட்டாது விடப்பட்டதைப் பார்ப்போர் நிரப்பிக்கொள்வதிலும் அது பிறக்கிறது. ஆகவே, ஒரு காட்சியை உருக்கமானது எனக் கூறும் திறனாய்வாளர், யார் எதனை அறிந்துள்ளார், எக்குறி நீக்கப்பட்டுள்ளது, அதன் இடத்தில் யாது வைக்கப்பட்டுள்ளது என்னும் மூன்றையும் ஆராய்ந்து கூறுதல் வேண்டும். இவ்வாறு நோக்கின், உரத்த அழுகை அனைத்தையும் மிகை எனத் தள்ளுவதும் மௌனம் அனைத்தையும் கலை எனப் போற்றுவதும் தவிர்க்கப்படும். இவ்வகை ஆய்வுக்கு வேண்டிய கருவிகளுள் சில நம் மெய்ப்பாட்டியலிலும் அதன் உரைகளிலும் உள்ளன. அவற்றைப் பழம்பெருமையாக மட்டும் எடுத்துரைக்காமல் இன்றைய கலை வடிவங்களில் பொருத்திச் சோதித்துப் பார்ப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.